ரொறன்ரோவில் கட்டாயம், கோண்டாவிலில் இல்லை: வாடகை வீடுகளும் புகை அலாரமும்

யாழ்ப்பாணத்தில் வீடு என்பதன் பொருள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறிவிட்டது. இருப்பதற்கான இடமாகவும் பிள்ளைக்குக் கொடுக்கும் சீதனமாகவும் இருந்த வீடு, இப்போது வருமானம் தரும் சொத்து. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் தங்குவதற்கு இடம் தேடும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வெறுமையான அறை கிடைப்பது அரிது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி, பரமேஸ்வராச் சந்தியில் இருந்து கலட்டி, கொக்குவில், கோண்டாவில் வரை, மாணவர் தங்காத வீடுகளை எண்ணுவதுதான் சுலபம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் வருடத்தில் மூன்று கிழமை வந்து நிற்பதற்காகக் கட்டிய மாடி வீடுகள், மீதிக் காலத்தில் நாள் வாடகைக்கு இணையத்தில் போகின்றன.

இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போருக்குப் பிறகு இந்த மண்ணில் எழுந்த தொழில்களில், பெரிய முதல் இல்லாத ஒரு குடும்பமும் செய்யக்கூடியது இது. கணவனை இழந்த ஒரு பெண் முன் அறையை நாலு மாணவிகளுக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்ததை நான் அறிவேன். நான் கேட்பது வேறு. இந்த வீடுகளில் இரவில் தீப்பிடித்தால் உள்ளே நித்திரை கொள்பவரை எழுப்புவது எது? எழுப்புவது யாருடைய பொறுப்பு?

கேள்வியைக் கேட்டவுடன் வரும் பதில் எனக்குப் பழகிவிட்டது. "எங்கட வீடு கல்வீடு, எரியாது." 2021 நவம்பர் 18 இரவு தென்கிழக்கு லண்டனின் பெக்ஸ்லிஹீத்தில் ஒரு வீட்டில் மூண்ட தீயில், இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றின் இரண்டு பெண்களும் இரண்டு சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோதும் இங்கே பலர் அதை வெளிநாட்டு வீடுகளின் ஆபத்தாகவே பேசினார்கள். மரச்சட்டமும் கம்பளமும் உள்ள வீடு, அதனால் எரிந்தது என்றார்கள்.

சுவர் எரியாது என்பது உண்மை. வீட்டுத் தீயில் ஆட்களைக் கொல்வதும் பெரும்பாலும் சுவாலை அல்ல, புகைதான். பஞ்சு மெத்தை, ஸ்பொன்ஞ் செற்றி, பிளாஸ்டிக் கதிரை, திரைச்சீலை, ரீவி, பிரிட்ஜ் இவை எல்லாம் கல்வீட்டுக்குள்ளும் இருக்கின்றன. எரியும்போது இவை கக்கும் புகையில் காபன் மொனொக்சைட்டும் சயனைட் வாயுவும் உண்டு. நித்திரையில் இருப்பவரைப் புகை மணம் எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. மூக்கும் நித்திரை கொள்கிறது. காதுதான் கொஞ்சமாவது விழித்திருக்கும். புகை அலாரம் என்ற உள்ளங்கை அளவான வட்டப் பெட்டியின் முழுத் தத்துவமும் இதுதான். மேலே எழும் புகையைக் கூரையில் இருந்து முகர்ந்து, ஆளின் காதுக்குச் சொல்கிறது. வேலை செய்யும் அலாரம் உள்ள வீடுகளில், நடக்கும் தீ விபத்துகளுக்கு ஏற்ப எண்ணிப் பார்த்தால், உயிரிழப்பு ஏறத்தாழ 60 வீதம் குறைவு என்பது அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு.

பழைய நாற்சார் வீட்டில் ஓட்டுக் கூரையின் இடுக்குகளால் புகை கொஞ்சமாவது வெளியேறும். நடு முற்றம் திறந்தபடி கிடக்கும். இப்போது வாடகைக்குப் போவது அந்த வீடல்ல. பிளேற் போட்ட மாடி, கண்ணாடி யன்னல், ஏசி பூட்டிய அறை, அடைத்த கதவு. புகை போவதற்கு வழியில்லாத பெட்டி அது. கல்வீடு என்ற பெருமையே இங்கே ஆபத்தாக மாறுகிறது.

மதுரையில் 2024 செப்டெம்பர் 12 விடியற்காலை ஒரு பெண்கள் விடுதியில் நடந்ததைப் பாருங்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்குக் கிட்ட இருந்த அந்தக் கட்டடமும் கல்லும் சீமெந்தும்தான். குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீயின் புகை விடுதியை நிறைத்தது. அங்கே தங்கி வேலை பார்த்த ஆசிரியைகள் இருவர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. விடுதிகளைத் தேடித் தேடிப் பார்க்கும் வேகம் சாவுக்குப் பிறகுதான் வந்தது.

இதற்கு எதிர்மாறான ஒரு குளிர்சாதனப் பெட்டியும் உண்டு. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்பெல் கோபுரத்தில் 72 உயிர்களைக் குடித்த தீயும் நாலாம் மாடி வீடொன்றின் பிரிட்ஜில்தான் தொடங்கியது. அந்த வீட்டில் நித்திரையில் இருந்தவரைப் புகை அலாரம் எழுப்பியது. அவர் மற்றவர்களையும் எழுப்பி வெளியேறி, தீயணைப்புப் படையை அழைத்தார். தீ தொடங்கிய வீட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த எரியும் தகடுதான் மற்றவர்களைக் கொன்றது. அலாரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு சம்பவம் போதும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வாடகை வீடுகளின் சொந்தக்காரரில் கணிசமானோர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வாழும் நாடுகளில் இது சட்டம்.

ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு தட்டிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் புகை அலாரம் இருக்க வேண்டும். ஸ்காபரோவில் பேஸ்மென்ரை வாடகைக்கு விடுபவர் அதைப் பூட்டுவதோடு விட முடியாது. பரிசோதித்துப் பராமரிப்பதும் அவர் கடமை. பற்றரியைக் கழற்றிவைப்பது குடியிருப்பவருக்கும் குற்றம். இங்கிலாந்தில் 2015 ஒக்ரோபர் 1 முதல் வாடகை வீட்டின் ஒவ்வொரு தட்டிலும் அலாரம் கட்டாயம். புதிதாக ஆள் குடிவரும் நாளில் அது வேலை செய்கிறதா என்று சொந்தக்காரர் பார்த்திருக்க வேண்டும். மீறினால் உள்ளூராட்சி சபை 5,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். 2022 ஒக்ரோபரில் அந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. நாள் கணக்கில் விருந்தாளிக்கு விடும் வீட்டுக்கு அங்கே தீப் பாதுகாப்புக் கட்டளையும் சேர்ந்து பொருந்தும். 2023 ஒக்ரோபர் முதல் தீ ஆபத்தை மதிப்பிட்டு எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பிரான்சில் 2015 மார்ச் முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். கருவியைக் கொடுப்பது சொந்தக்காரர், பராமரிப்பது குடியிருப்பவர் என்று பொறுப்பைப் பிரித்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் குறுகிய காலத் தங்குமிடமாக விடும் தனி வீட்டில் ஒவ்வொரு படுக்கையறையிலும் அலாரம் வேண்டும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி அவை இணைக்கப்பட்டிருக்க வேண்டும். நோர்வேயில் 1990இலிருந்தே வீடுகளுக்கு இது கட்டாயம். டிசெம்பர் 1ஆம் திகதியை 'புகை அலார நாள்' என்று வைத்து, அன்று எல்லோரும் பற்றரியைப் பார்க்கச் சொல்கிறார்கள். (சுவிற்சர்லாந்தில் சாதாரண வீடுகளுக்குப் பொதுவான கட்டாயம் இல்லை. பணக்கார நாடு எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

ஆக, ஒரே ஆள் ரொறன்ரோவில் வாடகையாளருக்கு அலாரம் பூட்டுகிறார், கோண்டாவிலில் பூட்டுவதில்லை. அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. அங்கே சட்டம் கேட்கிறது, இங்கே யாரும் கேட்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இலங்கையில் சட்டமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. துண்டு துண்டாக இருக்கிறது. வாடகை பற்றிய அடிப்படைச் சட்டம் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். வாடகைத் தொகையையும் வெளியேற்றுவதையும் பற்றியது அது. கூரையில் என்ன இருக்க வேண்டும் என்பது அதன் கவலை அல்ல. 2023இன் முதலாவது சட்டமாக நிறைவேறியது, குத்தகைக்குக் கொடுத்த இடத்தைச் சொந்தக்காரர் விரைவாக மீட்டெடுப்பதற்கான சட்டம். ஆளை வெளியே அனுப்பும் வழியை நாடாளுமன்றம் புதுப்பித்தது. உள்ளே இருக்கும்வரை ஆளின் உயிருக்கு யார் பொறுப்பு என்பதை அப்படியே விட்டது.

கட்டடப் பக்கம் போனால், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும், நகர அபிவிருத்தி அதிகார சபை 2021இல் வெளியிட்ட திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. இவை பெரும்பாலும் புதிய கட்டடத்துக்கு வரைபட அனுமதி எடுக்கும்போதும், உயரமான அல்லது பொதுமக்கள் கூடும் கட்டடங்களிலும் உயிர் பெறுபவை. 1978இல் கட்டிய வீட்டின் நாலு அறைகளில் பன்னிரண்டு மாணவர் படுப்பதை இவை எட்டிப்பார்ப்பதில்லை. வீட்டைத் தங்குமிடமாக மாற்றும்போது உபயோக மாற்ற அனுமதி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கடதாசியில் இருக்கிறது. எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று உங்கள் ஒழுங்கையிலேயே விசாரித்துப் பாருங்கள்.

சுற்றுலாப் பக்கத்தில் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம். அதன் கீழ் இயங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடம் விருந்தினர் இல்லம், ஹோம்ஸ்ரே, வாடகை வீடு என்று பதிவு வகைகள் உண்டு. பதிவுசெய்தவரைப் போய்ப் பார்க்கலாம். பதிவில்லாமல் இணையத்தில் மட்டும் இருப்பவரை யார் பார்ப்பது? 2025 பெப்ரவரியில் கொழும்பு விடுதியொன்றில் தங்கியிருந்த வெளிநாட்டு இளம்பெண்கள் இருவர் இறந்தார்கள். மூட்டைப்பூச்சிக்கு அடித்த நச்சுப் புகை மீது சந்தேகம் விழுந்தது. உலகப் பத்திரிகைகள் எழுதின. அது தீயல்ல. ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு ஒருவரைப் படுக்கவிடும் அறையின் காற்றுக்கு யார் பொறுப்பு என்ற அதே கேள்விதான்.

தீயணைப்பு என்பது இந்த நாட்டில் மத்திய அரசின் ஒரே படையாக இல்லை. உள்ளூராட்சிச் சபைகளின் வேலையாக இருக்கிறது. யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என 17 சபைகள் உண்டு. தீ என்றால் எல்லோரும் முதலில் நினைப்பது மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவைத்தான். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. மாணவர் நெருக்கி வாழும் இடமும், தண்ணீர் வண்டி நிற்கும் இடமும் வேறு வேறு சபைகளின் எல்லைக்குள் கிடக்கின்றன. பரந்தனுக்கு அப்பால் போனால் தூரம் இன்னும் கொடுமை. 2016 செப்டெம்பர் 16 இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அங்கே சொந்தமாக ஒரு தீயணைப்பு வண்டி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வண்டி வரவேண்டியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பலாகின. போரில் எல்லாம் இழந்து, கடன் எடுத்து மீண்டும் கடை போட்டவர்கள் இரண்டாம் முறை இழந்த இரவு அது.

குடாநாட்டுக்குள்ளேயும் வண்டி வந்தாலும் எங்கள் ஒழுங்கை விடாது. இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு ஓட்டோ போகும் அகலம். தெருவோரத்தில் தீயணைப்புக்கான நீர்க்குழாய் வாய்களும் இல்லை. வளவுக்கு ஒரு கிணறு உண்டு, ஆனால் மின்சாரம் நின்றால் மோட்டர் ஓடாது. வாடகைக்கு நிற்பவருக்கு வீட்டு விலாசமே சரியாகத் தெரியாது, "கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது ஒழுங்கை" என்பதை அவர் தொலைபேசியில் யாருக்குச் சொல்வது? நெடுந்தீவை எடுங்கள். அங்கேயும் இப்போது விருந்தினருக்கு அறைகள் இருக்கின்றன. குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எந்த வண்டி போகும்? தீயணைப்பு வர முடியாத இடத்தில், ஆட்கள் தாங்களாக எழுந்து வெளியே ஓடுவதைத் தவிர வேறு மீட்பு இல்லை. புகை அலாரம் வசதியான ஊருக்கான ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். வண்டி ஐந்து நிமிடத்தில் வரும் லண்டனைவிட, வண்டி வராத நெடுந்தீவுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

எழுந்து ஓடுவது என்றேன். எங்கே ஓடுவது? யாழ்ப்பாணத்து வீடுகளுக்கே உரிய பிரச்சினை இதுதான், வெளிநாட்டுச் சட்டத்தை அப்படியே இறக்கினாலும் தீராதது. எங்கள் யன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி. விறாந்தைக்குக் கிறில். கிறிலுக்கு ஆமைப்பூட்டு. போர்க்காலத்து இரவுகளில் தொடங்கிய பயம் இது. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பீதி ஊரை ஆட்டியபோது வெல்டிங் கடைகளுக்கு வேலை கூடியது. பிறகு வாள்வெட்டுக் கும்பல்களின் காலம். கள்ளன் உள்ளே வராமல் இருப்பதற்காக நாங்கள் கட்டிய கூடு, உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் இருப்பதற்கும் போதுமானது. பெண் பிள்ளைகள் தங்கும் வீடுகளில் இது இன்னும் மோசம். இரவு எட்டு மணிக்குக் கேற்றைப் பூட்டித் திறப்பை வீட்டுக்காரர் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் படுப்பார். பாதுகாப்பு என்று பெற்றோரும் அதை விரும்புவார்கள். அப்படிப்பட்ட வீடுகளைக் கொக்குவிலில் நான் பார்த்திருக்கிறேன். மேல் மாடியில் ஆறு பேர், ஒரே படி, அதன் அடியில் சமையல், படியின் வாயில் கிறில். அந்த வீட்டில் அலாரம் அடித்தால் என்ன நடக்கும்? நேரத்துக்கு எழும்பிப் பூட்டின் முன் நிற்பார்கள்.

ஆகவே எங்களுக்கான விதி எதுவாக இருந்தாலும் அலாரத்தையும் திறப்பையும் சேர்த்தே பேச வேண்டும். இரவில் வெளியேறும் கதவு உள்ளிருந்து திறப்பில்லாமல் திறக்க வேண்டும். ஆமைப்பூட்டுக்குப் பதில் உள்ளே திருகிப் பூட்டும் கொண்டி போடலாம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு யன்னல் கம்பியாவது பிணைச்சல் வைத்து, உள்ளிருந்து திறக்கும்படி செய்யலாம். ஊரில் உள்ள எந்த வெல்டிங்காரரும் அரை நாளில் செய்து தருவார்.

தீ எங்கிருந்து வரும் என்பதிலும் எங்களுக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1990இல் மின்சாரம் நின்றபோது யாழ்ப்பாணம் ஜாம் போத்தல் விளக்கில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அந்த விளக்குச் சரிந்து வெந்தவர்களை எங்கள் வயதுக்காரர் எல்லோரும் அறிவோம். தென்னிலங்கையில் வைத்தியர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தீக்காயத்தோடு வருபவர்களுக்கு மருந்து கட்டிக் களைத்து, மாமைற் போத்தலைப் பார்த்து எளிதில் சரியாத குட்டையான கனத்த கண்ணாடி விளக்கொன்றைச் செய்தார். சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சிறிய ஒரு பொருளைக் கவனித்துச் செய்தால் உயிர் காக்கலாம் என்பதற்கு இந்தத் தீவிலேயே உதாரணம் இருக்கிறது, நோர்வே வரை போகத் தேவையில்லை.

மின்சாரம் திரும்பி வந்தபோது, கைவிடப்பட்டு, மழை நனைந்து, எலி கடித்த வயர்களுக்குள்ளும் அது வந்தது. திருத்திக் குடியேறியவர்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வயரை மாற்றியவர்கள் குறைவு. அந்த வயரில் இன்று ஏசி, சுடுநீர்க் கருவி, ஒரு பிளக்கில் நாலு சார்ஜர். 2021 இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடித்த மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள், சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவையின் விகிதம் பற்றியே அப்போது பேச்சு. 2022இன் மின்வெட்டில் வீடு வீடாக ஜெனரேற்றரும் இன்வேற்றர் பற்றரியும் வந்தன. இவற்றோடு நுளம்புத்திரி, சாம்பிராணி, சாமியறை விளக்கு. குத்துவிளக்கை ஏற்றிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் பழக்கம் எங்களுக்கு உண்டு.

இங்கே எழும் நியாயமான ஒரு முறைப்பாடு, சாம்பிராணிக்கும் மிளகாய் வறுவலுக்கும் அலாரம் கத்தாதா என்பது. கத்தும். அதனால்தான் சமையலறைக்கு வெப்பத்தை உணரும் கருவியும், படுக்கையறைக்கும் நடைக்கும் புகையை உணரும் கருவியும் போடுவார்கள். ஒளியால் புகையை அறியும் வகை, சமையல் புகைக்கு வீணாகக் கத்துவது குறைவு. வாங்குபவர் சில விடயங்களைப் பார்க்க வேண்டும். பத்து வருடம் போகும் அடைத்த பற்றரி உள்ளது நல்லது. பற்றரியைக் கழற்றி ரீவி ரிமோட்டுக்குப் போடும் எங்கள் பழக்கத்துக்கு அதுதான் மருந்து. 'இஎன் 14604' என்ற ஐரோப்பியத் தர இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையின் நடுப்பக்கமாகப் பூட்ட வேண்டும், மூலையிலும் காற்றாடிக்கு நேர் கீழேயும் அல்ல. மாதம் ஒருமுறை பொத்தானை அமத்திப் பார்க்க வேண்டும். எறும்பும் பல்லியும் புகும் ஊர் இது, இடைக்கிடை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். பத்து வருடத்தில் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, இது எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்காது. வீட்டுக் காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு கிடக்கும். அதற்கு நிலத்துக்குக் கிட்டப் பூட்டும் வேறு கருவி உண்டு. ஜெனரேற்றரின் புகைக்கும் தனியான காபன் மொனொக்சைட் அலாரம் வேண்டும். எதைப் பூட்டினாலும் ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ வைப்பதற்கு அது அனுமதி அல்ல.

லண்டன் கடைகளில் பத்து, இருபது பவுணுக்கு விற்கும் பொருள் இது. விடுமுறைக்கு வருபவர் சொக்லேற் கொண்டுவரும் பெட்டியில் நாலு அலாரத்துக்கு இடம் இருக்கும். அறை விட்டு வாழும் விதவைப் பெண்ணுக்கு அதுகூடச் சுமை என்பதை நான் ஏற்கிறேன். அவருக்கும், பத்து அறை மாடி வீட்டை இணையத்தில் விடுபவருக்கும் ஒரே தண்டம் விதிக்கும் சட்டம் எனக்கும் வேண்டாம். முதலாமவருக்குச் சபை இலவசமாகப் பூட்டிக் கொடுக்கட்டும். இரண்டாமவரிடம் கேட்கட்டும்.

இன்னொரு தயக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சத்தம். சகடையையும் புக்காராவையும் பிறகு கிபிரையும் காதால் பிரித்தறிந்து பங்கருக்குள் ஓடிய தலைமுறை நாங்கள். நடு இரவில் கூரையில் இருந்து கூச்சலிடும் கருவி ஒன்றை எங்கள் வயதான அம்மாவின் அறையில் பூட்டுவது யோசிக்க வேண்டிய விடயம்தான். பகலில் பொத்தானை அமத்தி, இது என்ன சத்தம், எதற்காக என்று முன்கூட்டியே கேட்கவைப்பது உதவும். பேச்சுக் குரலில் எச்சரிக்கும் கருவிகளும் இருக்கின்றன. ஷெல் சத்தத்தில் செவி போனவர்களின் பிரச்சினை நேர் எதிரானது. எவ்வளவு கத்தினாலும் அவர்களுக்குக் கேட்காது. அவர்களுக்காக ஒளி மின்னும், தலையணைக்கு அடியில் அதிரும் அலாரங்கள் உலகில் உண்டு. காலை இழந்தவர் மேல் மாடியில் வாடகைக்கு இருந்தால் அலாரம் அடித்த பிறகு அவருக்கு எத்தனை நிமிடம் வேண்டும்? போர் உடம்பில் விட்டுப்போன குறைகளோடு வாழ்பவர் இவ்வளவு பேர் உள்ள ஊரில், தீப் பாதுகாப்பு விதியை எழுதுபவர் கொழும்பின் விதியைப் பிரதிபண்ணி எழுத முடியாது.

எழுதக்கூடியவர்கள் இப்போது இருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையை இப்போது எழுதுவதற்குக் காரணம். உள்ளூராட்சிச் சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் செயலாளர்களின் கையில் கிடந்தன. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு மக்கள் தெரிந்த ஆட்கள் மீண்டும் கதிரையில் இருக்கிறார்கள். மாகாண சபை 2018 ஒக்ரோபரோடு முடிந்தது, அதைப் பார்த்துக்கொண்டு இருந்து பயனில்லை. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் உபவிதி ஆக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. தங்குமிடங்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் அவற்றைப் பரிசோதிப்பதும் சபைகளுக்குப் புதிய வேலை அல்ல. வடக்குக்குச் சுயாட்சி கேட்கும் கட்சிகள் கையில் இருக்கும் இந்தச் சின்ன அதிகாரத்தை எதற்குப் பயன்படுத்துகின்றன என்று கேட்பதில் தவறில்லை. நல்லூர் பிரதேச சபையும் மாநகர சபையும் சேர்ந்து ஒரு உபவிதி கொண்டுவந்தாலே மாணவர் விடுதிகளின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

அதில் முதலில் தீர்க்க வேண்டியது 'சொந்தக்காரர்' யார் என்பது. உறுதி கனடாவில் இருக்கும் அண்ணன் பேரில், அற்ரோணித் தத்துவம் இங்கே மாமாவிடம், வீட்டைப் பார்ப்பவர் வேறொருவர், இணையக் கணக்கை நடத்துபவர் மருமகன். விபத்து நடந்தால் நாலு பேரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். காசு யாருடைய கணக்குக்குப் போகிறதோ அவரும், அற்ரோணித் தத்துவம் வைத்திருப்பவரும் சேர்ந்தே பொறுப்பு என்று உபவிதி தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உபவிதி வரும்வரையும் சில கைகள் சும்மா இருக்கத் தேவையில்லை. புதிதாக மின்னிணைப்புக் கேட்டால் ட்ரிப் சுவிட்ச் பூட்டாத வீட்டுக்கு இணைப்பு வராது. அதை யாரும் சுமை என்று இப்போது சொல்வதில்லை. அதே மாதிரி, பல்கலைக்கழகமும் மாணவர் ஒன்றியமும் விடுதிகளின் பட்டியல் ஒன்றை வைத்து, அலாரமும் உள்ளிருந்து திறக்கும் கதவும் உள்ள வீடுகளை மட்டும் அதில் சேர்க்கலாம். தூர மாவட்டங்களில் இருந்து பிள்ளையை அனுப்பும் பெற்றோர், முஸ்லிம் பெற்றோரும் சிங்களப் பெற்றோரும் உட்பட, அந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள். எயார்பிஎன்பி போன்ற தளங்களில் ஒவ்வொரு வீட்டின் விபரத்திலும் புகை அலாரம் இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்காரர் அறிவித்தது காட்டப்படுகிறது. யாழ்ப்பாணம் என்று போட்டுத் தேடி, ஒவ்வொன்றாக அந்த வரியைப் பாருங்கள். விடுமுறைக்கு வரும் உறவினரும் பதிவுசெய்யும் முன் அதையே கேட்கலாம். இரவில் கிறில் திறப்பு எங்கே தொங்கும் என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.